நாலு ஊக்கு

அக்கா, இந்த ஸ்வெட்டரில் தையல் எங்கே இருக்கிறது, கண்டுபிடித்துச் சொல்லுங்க பார்க்கலாம்?

சும்மா தொட்டுப் பாருங்க. பாப்பா ஒன்றும் சொல்லமாட்டாள். மிருதுளா, அந்தப் பையைக் கொஞ்சம் கீழே வை கண்ணு, அக்கா பார்க்கட்டும். வைக்கமாட்டாளாம். வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து பள்ளிக்கூடப் பையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டே வருகிறாள். போகட்டும், நீங்க தோளைப் பாருங்க. அக்குளுக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பாருங்க. கிடைத்ததா? கிடைக்காதுங்க. தோளில் இல்லை, கையில் இல்லை, பக்கவாட்டில் இல்லை. கழுத்தில் ஆரம்பித்து இடுப்பில் முடிகிற வரைக்கும் எங்கேயும் ஒரு தையல் கிடையாது. வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது.

யார் பின்னினது என்று கேளுங்களேன். நான்தான்.

அட, வண்டி ஏன் நின்றுவிட்டது? இருங்க, எட்டிப் பார்க்கிறேன். முன்னால் நாலைந்து வண்டி நிற்கிறது. ஏனுங்ணா, கண்டக்டரண்ணா, என்ன ஆச்சுங்க?

"ராத்திரி மழைக்கு மண்ணு சரிஞ்சு கெடக்குது அம்மிணி. ஜேசிபி வந்துருச்சு. அரை மணி நேரம் ஆகும்."

அரை மணி நேரமா? நான் பதினொரு மணிக்குள்ளே ஸ்கூல்ல இருக்கணுமுங்ணா!

"அப்ப எறங்கிப் போயி நாலு கூடை மண்ணு அள்ளிப் போடு. சீக்கிரம் போயிரலாம்."

கேட்டீங்களா பேச்சை. மணி என்ன ஆச்சுங்க? ஒன்பதேகாலா. ஹெச்.எம். சிஸ்டர் பதினொன்றுக்கு மேல் பெற்றோர் யாரையும் பார்க்கமாட்டார். இன்றைக்கு அவரைப் பார்த்தே ஆகணும். இந்தக் கைப்பையில் ஒரு லெட்டர் இருக்கிறது பாருங்க, டி.சி. கேட்டு நானே எழுதினது. முத்து முத்தாக எழுதியிருக்கிறேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு எனக்குத்தான் முதல் பரிசு. என் ஸ்வெட்டரை மரியாதையாக ஏற்றுக்கொண்டால் பிள்ளை அங்கே படிப்பாள். இல்லாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். எங்கள் ஊரிலேயே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நடந்தே போகலாம்.

ஏன் கண்ணு அப்படிப் பார்க்கிறாய்? அம்மா பேசிக்கிறேன், நீ வெளியே பார்.

எனக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார வராதுங்க. ஊசியை எடுத்துக்கொள்கிறேன், முழங்கை இடித்தால் சொல்லுங்க. இதுவா? இதுவும் அவளுக்குத்தான், அடுத்த வருஷத்துக்கு. இதோ பாருங்க, இரண்டு ஊசிக்கும் நடுவில் ஒரு வயர் இருக்கிறதா? இதுதான் விஷயம். சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகலாம், திரும்பி வரவே வேண்டாம். எனக்கு ஏற்ற ஊசி.

என் பேர் கோகிலவாணி. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன், அப்புறம் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? சைடு அடிப்பது, அதாவது பனியனின் பக்கவாட்டைச் சேர்த்துத் தைப்பது. தோள் சேர்க்க ஒருத்தி, கை ஏற்ற ஒருத்தி, கழுத்துப் பட்டி வைக்க ஒருத்தி, கீழே மடித்து அடிக்க இன்னொருத்தி. நான் சைடு மட்டும். இந்தப் பக்கம் ஒரு ஓட்டு, அந்தப் பக்கம் ஒரு ஓட்டு, தூக்கிப் போடு. அடுத்தது. இந்தப் பக்கம் ஒரு ஓட்டு, அந்தப் பக்கம் ஒரு ஓட்டு, தூக்கிப் போடு. ஐந்து வருஷம் அக்கா. எத்தனை லட்சம் சைடு அடித்திருப்பேனோ. ஆனால் முழுசாக ஒரு பனியன் நான் தைத்தது கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது.

அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வரும். ஒரு ஆள் எதிரில் வந்தால் மூஞ்சியைப் பார்க்கமாட்டேன், சைடைத்தான் பார்ப்பேன். இவரையும் அப்படித்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன், ஜெகதீசன் என்று பேர், கேரட் லாரி ஓட்டுகிறார், இங்கேயிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார். டீ-ஷர்ட்டில் பெண் பார்க்க வந்த ஒரே ஆள் அவர்தான். காபி கொடுக்கப் போனேன். எல்லாரும் நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன் என்று நினைத்தார்கள். நான் சைடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணல்.

அந்தக் கம்பெனியில் மயில்சாமி என்று ஒரு சூப்பர்வைசர். கோணல் பீஸ் வந்தால் நேரே என் மிஷினுக்கு வந்துவிடுவார். "ஏம்மா கோகிலா, சைடு வயித்துக்கு வந்து நிக்குது, இதப் போட்டுக்கிட்டு மனுசன் எப்படி நடப்பான்?" என்பார். நான் விடுவேனா? "சைடு கோணலில்லைங்ணா, துணி கோணுது. நூல்ல முறுக்கு ஜாஸ்தி. நூலை விட்டுட்டு என்னையத் திட்டறீங்களே" என்பேன். அதற்கு அவர், "சைடுன்னு ஒண்ணு எதுக்கும்மா இருக்குது? துணி சுத்தாமப் புடிச்சு நிறுத்தறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். தினமும் இதே பாட்டு.

அந்தத் துணி எப்படி வருகிறது என்று நீங்கள் பார்த்திருக்கமாட்டீங்க. நிட்டிங் மிஷின் அண்டா மாதிரி வட்டமாக இருக்கும். அதிலிருந்து துணி குழாய் குழாயாக இறங்கும். ஒட்டு இல்லாத முழுக் குழாய். அதை என்ன செய்வார்கள்? நீளவாக்கில் கிழித்து, பிரித்து, வெட்டி, என்னிடம் கொண்டுவந்து "மறுபடியும் குழாயாக்கு" என்று போடுவார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். முதலிலேயே குழாயாகத்தானே இருந்தது? அப்போதே மனசில் விழுந்துவிட்டது, மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே ஆள், ஒரே குழாய், யாரும் வெட்டக் கூடாது, யாரும் ஒட்டக் கூடாது என்று. அதைச் செய்து பார்க்காமல் விடக் கூடாது என்று.

ஜேசிபி சத்தம் கேட்கிறதா? கேட்கிறது. ஆனால் ஒரு வண்டியும் நகரக் காணோம்.

கல்யாணமாகி இங்கே மலைக்கு வந்தேன். வெள்ளகோவில் வெயிலில் காய்ந்த உடம்பு, இந்தக் குளிருக்கு நடுநடுங்கிப் போயிற்று. மிருதுளா பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா, கழுத்திலிருந்து ஸ்வெட்டர் பின்னுகிறார். என்ன பாஷை பேசினார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன்.

முதல் ஸ்வெட்டர் கதையைச் சொன்னால் சிரிப்பீங்க. கண்ணியெல்லாம் ஊசியில் ஏற்றி வட்டமாகச் சேர்க்கும்போது நடுவில் ஒரு திருகு விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நாலு விரற்கடை பின்னின பிறகு எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்றே தெரியாத ஒரு சாமான். இவர் வந்து பார்த்துவிட்டு, "இதென்னடி, லாரிக்கு ஃபேன் பெல்ட் பின்றியா?" என்றார். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன். எனக்கென்ன, பிரிப்பதும் ஒரு வேலைதானே.

அப்புறம் கை வந்துவிட்டது. இப்போது வீடியோவும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று ஒரு துண்டு பின்னிப் பார்ப்பேன். பிள்ளையின் கழுத்தை அளப்பேன். இவளுக்கு எண்பது கண்ணி. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலாகப் பிரித்து, பிரிகிற இடத்தில் நாலு ஊக்கு மாட்டிவிட வேண்டியது. ஊக்குக்கு எங்கே போவது? தாலிக்கொடியில்தான் எப்போதும் நாலு தொங்குமே, அதையே கழற்றி மாட்டிக்கொள்வேன். அப்புறம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு ஊக்குக்கும் இந்தப் பக்கம் ஒரு கண்ணி, அந்தப் பக்கம் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே வந்தால், தோளில் போட்ட துண்டு மாதிரி அகலமாகிக்கொண்டே வரும். அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளை ஒரு நூலில் கோத்துத் தூங்க விட்டுவிட்டு, உடம்பை மட்டும் கீழே கொண்டுபோவேன். உடம்பு முடிந்தால் கைக்கு வருவேன். இதில் என்ன வசதி என்றால், எந்த நேரத்திலும் பிள்ளையைக் கூப்பிட்டுத் தலையில் மாட்டிப் பார்க்கலாம். நீளம் போதாதா, இன்னும் நாலு சுற்று. தொளதொளவென்று இருக்கிறதா, பிரி. எல்லாம் ஆள் மேலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது.

அந்த நாலு ஊக்கையும் இப்போது காணோம், அது வேறு கதை. இவளுடைய ஸ்வெட்டர் முடிந்ததும் ஊசி டப்பாவில் போட்டு வைத்தேன். அடுத்ததை ஆரம்பிக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. இவர்தான் தார்ப்பாய் கட்ட எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று ஒரு மூச்சு சண்டை போட்டேன். "லோடு தார்ப்பாய்க்கு உன் தாலி ஊக்கு எந்த மூலைக்குடி?" என்றார். ஒத்துக்கொள்ளவே இல்லை. இதோ பாருங்க, இப்போது சிவப்பு நூலை முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு பின்னுகிறேன்.

சரி, பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன்.

டவுனில் இருக்கிற சிஸ்டர்கள் பள்ளிக்கூடம். நாலாவது படிக்கிறாள். நேவி ப்ளூ ஸ்வெட்டர், கீழே இரண்டு பக்கமும் இரண்டு பாக்கெட். கடையில் விற்கிறார்கள், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போடுகிறார்கள். நான் வாங்கமாட்டேன் என்றேன். காசுக்காக இல்லைங்க. ஐந்து வருஷம் அடுத்தவள் பிள்ளைக்கெல்லாம் சைடு அடித்தவள், என் பிள்ளைக்கு முழுசாக ஒன்று செய்து போடக் கூடாதா? அதே கலரில் நூல் தேடி அலைந்தேன். ஒரு கடையில் பழைய ஸ்டாக்கில் கிடைத்தது. நல்ல கெட்டி நூல். உருண்டையிலிருந்து கொஞ்சம் இழுத்து விட்டால் தானாகவே சுருட்டிக்கொள்ளும், அவ்வளவு முறுக்கு. உழைக்கும் என்று சந்தோஷமாக வாங்கினேன். பாக்கெட்டைக்கூடத் தைத்து ஒட்டவில்லை அக்கா, ஸ்வெட்டரிலிருந்தே கண்ணி எடுத்துப் பின்னினேன். ஆகஸ்டு மாதம் முடித்தேன்.

போட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் இவர் லாரியில் நானும் டவுனுக்குப் போனேன், பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். ப்ரேயருக்கு முன்னால் இவளைச் சுற்றி ஒரே பிள்ளைகள் கூட்டம். ஸ்வெட்டரைப் பிடித்துப் பார்க்கிறதும் சிரிக்கிறதும். ஒருத்தி இவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பாக்கெட் எங்க போச்சு?" என்கிறாள், இன்னொருத்தி "முதுகுக்குப் போயிருச்சு!" என்கிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். பாக்கெட்டை வைத்து என்னவோ விளையாட்டு. தினமும் காலையில் அதே விளையாட்டாம். கடை ஸ்வெட்டரை வைத்து யாராவது அப்படி விளையாடுவார்களா? எனக்கு அன்றைக்கெல்லாம் காலே தரையில் படவில்லை.

கொஞ்ச நாளில் ஜெசிந்தா மிஸ் போன் பண்ணினார். கிளாஸ் மிஸ். "மிருதுளாம்மா, ஸ்வெட்டர் சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றார். சுத்திக்கிட்டே இருக்காம்! நான் கேட்டேன், "மிஸ், நீங்க ஊசியில ஒரு கண்ணி ஏத்தியிருக்கீங்களா?" இல்லை என்றார். அப்புறம் என்ன தெரியும் அவருக்கு? பிள்ளையின் நடை கொஞ்சம் அப்படி. அவங்க அப்பா மாதிரி இடது காலை வீசிப் போட்டு நடப்பாள். நடக்கிற நடைக்குத் துணி கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். அதை மிஸ்ஸிடம் விளக்கமாகச் சொன்னேன். இவளிடமும் நேராக நட, நேராக நட என்று தினமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். மறுநாள் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார், "சரியான ஸ்வெட்டர் அணிந்து வரவும்" என்று. நான் கீழேயே பதில் எழுதினேன், "இதுவே சரியான ஸ்வெட்டர்" என்று. முத்து முத்தாக.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் சத்தமே இல்லை. மிஸ்ஸும் ஸ்வெட்டரைப் பற்றி எழுதவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இவரிடம் சொன்னேன்.

எங்கே? ஆண்டு விழா டிரில்லுக்கு இவளை முதல் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வளையம் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து ஆடுவார்களே, அது. போன வாரம் பின் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று போன் பண்ணிக் கேட்டால், "குனியவே மாட்டேங்கிறாம்மா, எத்தனை தடவை சொன்னாலும் கட்டை மாதிரி நிக்கிறா" என்கிறார் மிஸ். என் பிள்ளையா குனியமாட்டாள்? வீட்டில் கட்டிலுக்கு அடியில் போன பந்தை எல்லாம் யார் எடுப்பது? பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா? என் ஸ்வெட்டர் முன் வரிசையில் நிற்கக் கூடாது, அதுதான் விஷயம். வேறென்ன?

அந்த வருத்தத்திலேயே பிள்ளைக்கு வயிற்று வலி வந்துவிட்டது. ஆறு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. யூனிஃபார்ம் போட்டு ரெடியாகிற வரைக்கும் நன்றாக இருப்பாள், ஸ்வெட்டரை மாட்டினதும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஓம வாட்டர் கொடுத்தேன், தொப்புளில் பெருங்காயம் போடலாம் என்றால் பாவாடையைத் தொட விடமாட்டேன் என்கிறாள். கொஞ்ச நாளாகக் குளிப்பதுகூடத் தானேதான். கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒன்பது வயதுக்குப் பெரிய மனுஷி.

நேற்று சிஸ்டர் ஆபீஸிலிருந்து போன், ஆறு நாள் லீவு, பெற்றோர் வந்து பார்க்கவும் என்று. உட்கார்ந்து லெட்டரை எழுதிவிட்டேன். இவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்வெட்டருக்காகப் பள்ளிக்கூடத்தையே மாத்துவியாடி?" என்றார். "ஸ்வெட்டருக்காக இல்லைங்க, மரியாதைக்காக" என்றேன். இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்கும் அந்தப் பள்ளிக்கூடம் வெறுத்துப்போயிருக்கும். காலையில் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து, தானே உடுத்தி, ஸ்வெட்டரும் போட்டு, கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். இன்றைக்கு வயிற்று வலியே இல்லையாம். பாருங்க, அம்மா தட்டிக் கேட்கிறேன் என்றதும் வலி ஓடிவிட்டது.

முன்னால் இரண்டு வண்டி நகர்ந்த மாதிரி இருக்கிறதே? இல்லை, ஒதுங்கி நிற்கிறது. மணி ஒன்பதரை. என்னால் இங்கே உட்கார முடியவில்லை அக்கா, இறங்கி நடந்துவிடலாமா என்று இருக்கிறது.

என்ன கேட்டீங்க? நிஜமாகவே சுற்றுகிறதா என்றா?

நீங்களுமா? சரி, கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்க. மிருதுளா, எழுந்து நில். பையைக் கொடு. கொடு என்கிறேன். வண்டி நின்றுதானே இருக்கிறது, விழமாட்டாய். ம். இப்போது பாருங்க அக்கா. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள். பாக்கெட் எங்கே இருக்கிறது? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வைத்த இடத்தில் அச்சாக நிற்கிறது. இதைத்தான் அந்த மிஸ் சுற்றுகிறது, முதுகுக்குப் போகிறது என்கிறார். எங்கே போகிறது? நன்றாக இழுத்தே காட்டுகிறேன் பாருங்க.

"ஆ! அம்மா!"

என்ன, என்ன சாமி? நான் மெதுவாகத்தானே இழுத்தேன்? என்ன குத்துகிறது? காட்டு. கையை எடு கண்ணு, அம்மாதானே. அக்கா, கொஞ்சம் இந்த ஊசியைப் பிடிங்க.

இதென்ன?

ஊக்கு. ஸ்வெட்டரையும் பாவாடைப் பட்டியையும் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறாள். இங்கே ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. பின்னால் திரும்பு சாமி. இரண்டு. நாலு ஊக்கு. என்னுடையதுதான். இந்த ஒன்றின் வாய் மூடவே இல்லை. வயிறெல்லாம் பாருங்க அக்கா, கோடு கோடாக. பழைய கீறலும் இருக்கிறது. எத்தனை நாளாக இது?

"டைரில நீ எழுதினியே, அதுக்கப்புறம்."

ஒரு மாதமாகவா? இதை வைத்துக்கொண்டா டிரில்லில் நின்றாய்?

"குனிஞ்சா குத்தும்மா. அதனாலதான் நான் குனியல. மிஸ் நல்ல மிஸ்தான்."

என்னிடம் சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் அம்மா...

"சொன்னேனே. சுத்துதும்மான்னு சொன்னேன். நீ நேரா நடன்னு சொன்ன. நான் நேராத்தாம்மா நடக்கறேன்."

இரு, முதலில் இதையெல்லாம் கழற்றுகிறேன்.

"கழட்டாதம்மா. சிஸ்டரப் பாத்துட்டு வந்து கழட்டிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் நேரா இருந்துட்டா டி.சி. வேணாம்தானே? நான் நாலு ஊக்கும் பாத்துப் பாத்துத்தான் குத்தினேன்."

கேட்டீங்களா அக்கா? எனக்காக நேராக நிற்கிறாளாம்.

இல்லைங்க, நான் அழவில்லை. குளிர்காற்று. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

"அம்மா, எங்க கிளாஸ் ஹர்ஷிதா ஸ்வெட்டர நான் உள்பக்கமா திருப்பிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் தையல் இருக்குது. அவளோடது சுத்தறதே இல்ல. நீயும் ரெண்டு பக்கமும் தையல் போட்டுக் குடும்மா. உள்ள போடு, வெளிய தெரியாது. தையலே இல்லைன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம். நான் காட்டிக் குடுக்கமாட்டேன்."

மயில்சாமி அண்ணன் இப்போது எதிரில் வந்தால் அந்த ஆள் காலில் விழுந்துவிடுவேன் அக்கா. "நூலை விட்டுட்டு என்னையத் திட்டறீங்களே" என்று அவரிடம் வாய் ஓயாமல் சொன்னவள் நான். அப்படியும் இதே மாதிரி முறுக்கு நூலைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து, பிள்ளையின் காலைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

கையைத் தூக்கு சாமி. கழற்று. என் சால்வையைப் போர்த்திக்கொண்டு இப்படி வந்து என் மேல் சாய்ந்துகொள். இந்த நாலையும் எங்கே வைப்பது, கீழே போட்டால் யார் காலிலாவது ஏறும். அந்த லெட்டரை எடு. கைப்பையில் இருக்கிறதே, அதேதான். நாலாக மடி. ம், ஊக்கையெல்லாம் அதில் குத்து. நன்றாக அழுத்தி மூடிக் குத்து. இப்போது பைக்குள் போடு.

பெரிய ஊசி இருக்கிறது, நேவி ப்ளூ நூலும் ஒரு உருண்டை மிச்சம் கொண்டுவந்திருக்கிறேன், எங்கேயாவது கண்ணி விட்டால் சிஸ்டர் முன்னாலேயே சரி பண்ணிக் காட்டணும் என்று. நல்லவேளை. உள்பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன். அக்குளிலிருந்து கீழே வரைக்கும் தையல் ஒரே கண்ணி வரிசையில் பிசகாமல் வரணும். ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்கிறீங்களா? மிஷின் இருந்தால் பத்து விநாடி. கையால் என்றால் பத்து நிமிஷம். ஐந்து வருஷம் பார்த்த வேலைதானே, கை மறக்குமா?

"அம்மா, ஹெச்.எம். கிட்ட என்ன சொல்லுவ?"

வயிற்று வலி சரியாகிவிட்டது என்று சொல்வேன். மிஸ்ஸிடம்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதை நீ சொல்லிக் கொடு, அப்படியே சொல்கிறேன்.

ஐயோ, இப்போது போய் வண்டியை எடுக்கிறாரே! இவ்வளவு நேரம் நகராமல் உயிரை எடுத்தது, இப்போது நிற்கக் கூடாதா? ஏனுங்ணா, டிரைவரண்ணாகிட்டக் கொஞ்சம் குலுக்காம ஓட்டச் சொல்லுங்க!

"ஏம்மிணி, இத்தனை நேரம் பறந்தியே, பதினொரு மணி பதினொரு மணின்னு?"

மெதுவாப் போனாலும் பதினொன்றுக்குப் போய்விடலாமுங்ணா, மெதுவாப் போகச் சொல்லுங்க!

அக்கா, உங்களைத்தான். அந்தக் கீழ் முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? இழுக்க வேண்டாம், பாக்கெட் பக்கவாட்டிலேயே நிற்கிற மாதிரி நேராகப் பிடித்தால் போதும். அடுத்த கொண்டை ஊசி வளைவு வருகிறது, கெட்டியாகப் பிடித்துக்கங்க. கம்பியை இல்லைங்க அக்கா, ஸ்வெட்டரை.